வெள்ளி விழுங்கிய கோடுகள்

திரையில் கோடுகள் தனித்தனியாக நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஒளியின் அலைநீளத்தைவிட நெருக்கமாக, உலோகத் தகட்டில் நான் வெட்டிய கோடுகள் அவை. சாதாரண லென்சில் ஒரே அழுக்குத் திட்டாகத்தான் தெரியும். அதைப் பிரித்துக் காட்டத்தான் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வெள்ளிப் படலத்தில் லென்ஸ் செய்கிறேன். பாழாய்ப்போன வெள்ளி, நுணுக்கத்தைச் சுமந்து வரும் ஒளியைப் பாதி வழியிலேயே விழுங்கிவிடும். இன்னும் சுத்தமாக, இன்னும் வழவழப்பாக என்று அதோடு மல்லுக்கட்டியே எனக்குத் தலை நரைத்தது.

என் வீட்டுக்காரரோ நாற்காலியை விட்டு எழாமல் சாதித்துவிட்டார். எங்கள் ஆய்வகத்தில் கணக்குப் போடுவது இவர்தான்.

"பல நிறத்துல எடுத்த படங்களைச் சரியான அளவுல சேர்த்தேன். நேரம் ஆக ஆகத் தேஞ்சுக்கிட்டே போற ஒரு அலையை அனுப்பின மாதிரி ஆயிடும். வெள்ளி முழுங்கினது அதுல ஈடாயிடும்" என்றார்.

"விடை தெரிஞ்ச கணக்கை யாருதான் போடமாட்டாங்க? நான் என்ன வெட்டினேன்னு உங்களுக்குத் தெரியுமே!"

அவர் முகம் சுண்டிப்போனது. ஆனால் வெளியே சொன்ன பிறகு பொய்யென்று தெரிந்தால், அப்புறம் இவர் கணக்கை எவன் நம்புவான்? மறுநாள் அவரிடம் மூச்சுவிடாமல் வேறொரு தகட்டில் புதுக் கோடுகளை வெட்டி, என் லென்ஸ் வழியே எடுத்த மங்கல் படங்களை மட்டும் கையில் கொடுத்தேன்.

அவர் திரையில் மூன்று கோடுகள் வந்தன. நான் வெட்டியதும் மூன்றுதான். ஐயோ, ஆனால் நடுக்கோடு உடைந்திருந்தது.

"நான் முழுசா வெட்டினேங்க."

அவர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். "அப்ப எல்லாமே பொய்யா?"

தகட்டைத் தூக்கிக்கொண்டு எலெக்ட்ரான் நுண்ணோக்கி அறைக்கு ஓடினேன். அது பொய் சொல்லாது.

உள்ளே வைத்துப் பார்த்தேன். நடுக்கோட்டில், வெட்டுப்படாத உலோகத் துணுக்கு ஒன்று குறுக்கே கிடந்தது. பிசகு என் கையில்! எனக்கே தெரியாததை அவர் கணக்கு பார்த்திருக்கிறது. சந்தோஷப்படுவதா, இத்தனை வருஷம் எதைத் தேய்த்துக்கொண்டிருந்தேன் என்று அழுவதா, ஒன்றும் புரியவில்லை.

"என்ன ஆச்சு?" வாசலிலேயே நின்றார். உள்ளே வரப் பயம்.

அவர் கையைப் பிடித்து இழுத்து, திரையில் அந்த உடைப்பின் மேல் அவர் விரலை வைத்தேன். விரல் சில்லிட்டிருந்தது.