தர்ஸ்பி சன்னல்

சர் ஆம்ப்ரோஸ் தர்ஸ்பி இங்கிலாந்தை ஆட்டிவைத்த காலத்தில், கஜானா காலியாகும்போதெல்லாம் ஏதாவது ஒரு வரியை ஏற்றுவார். அவற்றில் சன்னல் வரிதான் சனங்களின் நெஞ்சில் ஆறாமல் நின்றது. வீட்டில் சன்னல் கூடினால் வரியும் கூடும். இல்லாதவர்கள் என்ன செய்வார்கள், பாவம், செங்கல் வைத்து அடைத்தார்கள். அடைத்த சன்னலுக்குத் தர்ஸ்பி என்று பெயரும் வைத்தார்கள். "எங்க வீட்டுல சன்னல் ஒண்ணு, தர்ஸ்பி மூணு" என்று சந்தையில் சொல்லிச் சிரிப்பார்கள்.

பதவி போய், கால் பெருவிரலில் வாதம் வந்து குடியேறி, கிழவர் நாற்காலியே கதி என்று ஆன பிறகுதான் அந்தச் சிரிப்பு அவர் காதுக்கு எட்டியது. செத்த பிறகு தன் பேர் செங்கல்லில்தான் இருக்குமோ என்று தூக்கம் கெட்டது. சின்ன வீடுகளுக்காவது அந்த வரியை எடுத்துவிட வேண்டும், அதையும் தன் மகன் வாயால் பாராளுமன்றச் சபையில் கேட்க வேண்டும் என்று முடிவு கட்டினார்.

எந்த மகன் என்பதில்தான் வினை வந்தது.

அவர்களுடைய ஊருக்குச் சபையில் இரண்டு இடம். இரண்டுமே அப்பா கைகாட்டியவர்களுக்குத்தான். ஒன்றில் மூத்தவன் லம்பர்ட் வெகுகாலமாக உட்கார்ந்திருந்தான். ஒரே ஒரு தடவை பேச எழுந்திருக்கிறான். பாதி வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது, பின்வரிசையில் யாரோ ஆடு மாதிரி கத்தினார்கள், உட்கார்ந்துவிட்டான். அப்பா அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தாலாவது ஆறியிருக்கும். சென்ற வருடம் அப்பா தன் இடத்தை விட்டபோது, அதில் இளையவன் கிறிஸ்பின் வந்து உட்கார்ந்தான். அப்பாவின் மூக்கு, அப்பாவின் நடை, அப்பாவின் குரல் எல்லாம் அவனுக்கு.

தீர்மானம் வருகிற அன்று காலைச் சாப்பாட்டில் கிழவர் இளையவனுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

"எடுத்த எடுப்புல கத்தாதே. மூணாவது வரிசையில தொப்பியை மூஞ்சியில சாய்ச்சுக்கிட்டு ஒருத்தன் தூங்குவான். அவன் தொப்பியைத் தூக்கிப் பார்க்கட்டும், அப்புறம் குரலை ஏத்து."

"சரிப்பா."

லம்பர்ட் ரொட்டியில் வெண்ணெய் தடவியபடி இருந்தான். தடவிய இடத்திலேயே திரும்பத் தடவியதில் ரொட்டி பிய்ந்துபோனது.

"நான் என்னப்பா செய்யணும்?"

"நீயா?" கிழவர் யோசித்தார். "வாசல்ல ஆரஞ்சு விப்பாங்க. தம்பிக்கு ரெண்டு வாங்கிக் குடு. தொண்டை காயும்."

மாடியில் அவனுக்குக் கழுத்துத்துணி கட்டிவிட்ட மனைவி ஹானோரா சும்மா இருக்கவில்லை.

"ஆரஞ்சை உரிச்சும் குடுத்துடுங்க. கொழுந்தனார் கையில பிசுபிசுப்பு ஆகப்போகுது."

"விடு ஹானோரா."

"நான் விட்டுடறேங்க. ஊரு விடுமா? மூத்தவரு யாருன்னு நேத்து ஒருத்தி என்னையே கேக்கறா."

சபையில் அன்று மூச்சு விட இடமில்லை. அந்த மண்டபம் எப்போதும் அப்படித்தான். ஆட்கள் அதிகம், பெஞ்சு குறைவு. அதனால் ஓட்டெடுப்பில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு கட்சி எழுந்து வெளியே முன்கூடத்துக்குப் போக வேண்டும். மற்றக் கட்சி இருந்த இடத்திலேயே இருக்கும். வெளியே போனவன் திரும்பி வருவதற்குள் அவன் இடத்தில் வேறொருவன் காலை நீட்டியிருப்பான். பிடித்த இடத்தை விட மனமில்லாமலே ஓட்டை மாற்றிப் போட்டவர்கள் அங்கே உண்டு. அன்று அவைத்தலைவர் சொல்லியிருந்தது இதுதான்: தீர்மானத்தை ஆதரிக்கிறவர்கள் வெளியே போக வேண்டும்; உட்கார்ந்திருந்தால் எதிர் ஓட்டு.

கிறிஸ்பின் எழுந்தான். மெதுவாகத் தொடங்கினான். மூன்றாவது வரிசையில் தொப்பி உயர்ந்தது. குரலும் உயர்ந்தது.

"எங்க ஊர்ல லேஸ் பின்னுற அம்மா ஒருத்தங்க இருக்காங்க. வீட்டுல எல்லாச் சன்னலையும் அடைச்சாச்சு. மார்கழிப் பனியில வாசப்படியில உட்கார்ந்து பின்னுறாங்க. ஏன் தாயி வெளியிலன்னு கேட்டா, உள்ள இருட்டுதான் இருக்கு, அதுக்குத்தான் இன்னும் வரி போடலைங்கறாங்க."

சபை அடங்கிவிட்டது. யாரோ மூக்கை உறிஞ்சினார்கள்.

அந்த அம்மாளைப் பார்த்தவன் லம்பர்ட். அவள் விரல் வெடிப்பில் ரத்தம் கசிந்ததைப் பார்த்தவனும் அவன்தான். வீட்டுக்கு வந்து சாப்பாட்டு மேசையில் சொன்னபோது அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. கிறிஸ்பின் மட்டும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான்.

பக்கத்தில் இருந்த சர் பார்னபி டக்வெல், அப்பாவின் பழைய சகா, முழங்கையால் இடித்தார். "கண்ணை மூடிக் கேளுங்க லம்பர்ட். சாட்சாத் பெரியவரேதான். இப்படி ஒரு தம்பி அமையக் குடுத்து வச்சிருக்கணும்."

ஓட்டுக்கு அழைத்தார்கள். கதவைத் திறந்தார்கள். கிறிஸ்பின் முகம் ஜொலிக்க நடந்து வந்து அண்ணன் பக்கத்தில் நின்றான்.

"வாண்ணா."

"நீ போ. கூட்டம் குறையட்டும்."

போகத்தான் நினைத்தான், பொய் சொல்லவில்லை. ஆனால் போகிற வழியெல்லாம் தம்பியின் முதுகைத் தட்டிக்கொடுக்கிற கைகளைப் பார்த்தான். அந்த முதுகுக்குப் பின்னால் நடக்க வேண்டுமே என்று நினைத்தான். கால் எழவில்லை. நான் ஒருத்தன் போகாவிட்டால் என்ன குடி முழுகிவிடும் என்று சொல்லிக்கொண்டான். கதவைச் சாத்திவிட்டார்கள்.

அப்புறம்தான் பக்கத்தில் பார்த்தான். டக்வெல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு அந்தப் பக்கம், பின்னால், அப்பாவின் பழைய ஆட்கள் பத்துப் பன்னிரண்டு பேரும் ஆரஞ்சுத் தோலை உரித்தபடி அசையாமல் இருந்தார்கள்.

"நீங்க போகலையா?" என்றான் லம்பர்ட்.

"மூத்தவரு நீங்களே அசையலையே," என்றார் டக்வெல். "கடைசி நேரத்துல பெரியவர் மனசு மாறிட்டாரு, சின்னவனுக்குச் சொல்லாம உங்ககிட்டதான் சொல்லி அனுப்பியிருக்காருன்னு புரிஞ்சுக்கிட்டோம். அந்தக் காலத்துலயும் அவரு இப்படித்தானே செய்வாரு."

பிறந்ததிலிருந்து லம்பர்ட்டைப் பார்த்து ஒருவரும் எழுந்ததில்லை, உட்கார்ந்ததுமில்லை. இப்போது ஒரு வரிசையே உட்கார்ந்திருந்தது. எண்ணி முடித்தார்கள். அந்த வரிசை வெளியே போயிருந்தால் தீர்மானம் ஜெயித்திருக்கும்.

வீடு திரும்பியபோது கிறிஸ்பின் முந்திக்கொண்டு வந்திருந்தான். கோட்டைக்கூடக் கழற்றாமல் கணப்புப் பக்கம் சுவரில் சாய்ந்து நின்றான். கிழவரோ இளையவனை விட்டுவிட்டு வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உன்னைப் பார்த்து டக்வெல் உட்கார்ந்தானாமே? அவன் கூட்டம் மொத்தமுமா?"

"ஆமாப்பா."

"கிட்ட வா." கிழவரின் கண்ணில் லம்பர்ட் அதுவரை காணாத ஒரு பளபளப்பு. "என்னத்தைக் கண்ட? மந்திரி கூட்டம் ஏதோ வலை விரிச்சுதா? காரணம் இல்லாம நீ உட்கார மாட்டே. சொல்லு, என்ன கணக்குப் போட்ட?"

அவ்வளவு ஆசையாக அப்பா அவனிடம் எதையும் கேட்டதில்லை. ஒரு பொய் போதும். என்றைக்கும் அந்த நாற்காலிக்குப் பக்கத்தில் அவனுக்கு இடம் உண்டு. சுவரோரம் நின்ற தம்பியின் முகத்தைப் பார்த்தான். உதட்டைக் கடித்துக்கொண்டு, அப்பா தன் பக்கம் திரும்ப மாட்டாரா என்று பார்த்துக்கொண்டிருந்தான். அந்தப் பார்வை உள்ளிருந்து எப்படிச் சுடும் என்று லம்பர்ட்டுக்குத் தெரியாதா?

"ஒரு கணக்கும் இல்லப்பா. தம்பி நல்லாப் பேசினான். அதான் எந்திரிக்கல."

கணப்பில் கரி ஒன்று சரிந்தது. கிறிஸ்பின்தான் வாய் திறந்தான். கோபமாகத்தான் தொடங்கினான்; முடிவதற்குள் குரல் சின்னப்பிள்ளைக் குரலாகிவிட்டது.

"அந்த அம்மா கதையை உன்னைக் கேக்காம எடுத்துக்கிட்டேன், தப்புதான். அதுக்காகவா இப்படி... ஏண்ணா, நிஜமாவே நல்லாவா இருந்துச்சு?"

"அப்பாவைவிட நல்லா இருந்துச்சுடா."

கிழவர் நாற்காலியில் நிமிர்ந்தார். வலிக்கிற காலைக்கூட மறந்துவிட்டார்.

"என்னைவிடவா?" என்றார் லம்பர்ட்டிடம். "வரி போட்ட அன்னிக்கு நான் பேசினதை நீ கேட்டிருக்கியா? நீ அப்போ சின்னப் பய. உனக்கு என்ன தெரியும்?"

அண்ணனும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.