வெறுங்கையோடு அனுப்பக்கூடாது

எங்கள் பள்ளியை இனி கடை மாதிரி நடத்தப்போகிறோம் என்று வெள்ளைத்துரை அண்ணாச்சி சொன்னபோது முதலில் கைதட்டியவன் நான். பிற்பாடு அதைப் பற்றி யாராவது கேட்டால் கொசு அடித்தேன் என்று சொல்லிப் பார்த்தேன். மந்தைவெளியில் கொசுவுக்குப் பஞ்சமில்லை. இருந்தாலும் யாரும் நம்பவில்லை.

எங்களுடையது சந்துக்குள் இருக்கும் சர்க்கார் பள்ளி. நான் அல்போன்ஸ், கணக்கு வாத்தியார். கணக்கில் சுமார், ஜோக்கில் கொஞ்சம் பரவாயில்லை என்று பெயர். அண்ணாச்சிக்கு தி.நகரில் நாலு மாடி ஜவுளிக்கடை. பள்ளியை நடத்திக் காட்டும் பொறுப்பை மேலே இருப்பவர்கள் அவருடைய அறக்கட்டளையிடம் கொடுத்திருந்தார்கள். முதல் கூட்டத்தில் எல்லாருக்கும் பஜ்ஜி வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தார்.

"நம்ம கடைக்கு ஒருத்தர் வந்தா வாங்கன்னு கும்பிடுதோம். தண்ணி குடுக்கோம். கேட்ட சேலையெல்லாம் விரிச்சுப் போடுதோம். வாங்காமப் போனாலும் மூஞ்சியச் சுளிக்க மாட்டோம். இங்க ஒரு தாய் பிள்ளையக் கூட்டிட்டு வந்தா, வாட்ச்மேன்லருந்து ஹெட்மாஸ்டர் வரைக்கும் 'என்ன வேணும்'னு வெரட்டுதீங்க. இது நியாயமா சார்?"

என்னைப் பார்த்துத்தான் கேட்டார். வாயில் பஜ்ஜி இருந்ததால் தலையை மட்டும் ஆட்டினேன். ஆனால் அவர் சொன்னது நியாயம்தான். அந்த வருடமே கழிப்பறைகளுக்குக் கதவு வந்தது. குழாயில் தண்ணீர் வந்தது. நேரத்துக்கு நாங்களும் வந்தோம்.

வீட்டில் பெருமையாகச் சொன்னேன். என் மனைவி பியாட்ரிஸ் சாந்தோமில் ஒரு நர்சரியில் டீச்சர். என் பேச்சைப் பாதியில் நிறுத்துவது அவளுக்குத் தொழில் பழக்கம்.

"கடைன்னா வாடிக்கை இருக்கும், சரக்கு இருக்கும். பிள்ளைங்க இதுல எது?"

"வாடிக்கைதான். இதுல என்ன சந்தேகம்?"

"எதுக்கும் அவரைக் கேட்டுட்டு வாங்க."

நான் கேட்கவில்லை. கழிப்பறைக் கதவைத் திறந்து மூடிப் பார்க்கிற சந்தோஷத்தில் இருந்தேன்.

அடுத்த வருடம் ஷண்முகப்ரியா என்ற பெண்ணை மேனேஜராகப் போட்டார் அண்ணாச்சி. எதையும் சிரித்த முகத்தோடு சொல்லுவாள். ஆறாம் வகுப்பில் சேர வரும் பிள்ளைகளுக்கு ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் இங்கிலீஷ் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். படித்தால் இடம் உண்டு. திணறினால் இடம் நிரம்பிவிட்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டை ஆறாம் வகுப்பு வாசலிலேயே சரிசெய்துவிட வேண்டும் என்பது அவளுடைய கொள்கை. வாத்தியார்களுக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஸ்டிக்கர் இருந்தது. எனக்குச் சிவப்பு. "சட்டைக்கு மேட்சா இருக்கு மேடம்" என்றேன். அவள் சிரித்தாள். ஸ்டிக்கர் மாறவில்லை.

எங்கள் தெருவுக்குப் பின்தெருவில் ஸ்வர்ணலதா இருந்தாள். புருஷன் இல்லை. அண்ணாச்சியின் கடையில்தான் நைட்டி செக்‌ஷனில் நாளெல்லாம் நின்று விற்கிறாள். அவள் மகள் தமிழ்நிலா சாயங்காலம் எங்கள் வீட்டுக்குப் படிக்க வருவாள். படிக்க என்று சொல்வது ஒரு மரியாதைக்கு. பதினோரு வயதாகியும் எழுத்துகள் அவளிடம் தங்கவில்லை. இன்று சொல்லிக்கொடுத்த 'ண' நாளைக்குப் புது ஆள் மாதிரி வந்து நிற்கும். ஆனால் என் ஜோக்குக்கு முழுசாகச் சிரிக்கிற ஒரே ஜீவன் அவள். புரியாவிட்டாலும் சிரிப்பாள். புரியாதபோது இன்னும் கொஞ்சம் சத்தமாக.

ஐந்தாம் வகுப்பு வரை அவள் படித்த பள்ளி அதோடு முடிந்துவிட்டது. இனி நடந்து போகிற தூரத்தில் இருப்பது எங்கள் பள்ளி மட்டும். அதை விட்டால் அடையாறு பாலம் தாண்டிப் பஸ்ஸில் போக வேண்டும். ஒரு தரம் போனாள். போர்டு படிக்கத் தெரியாமல் ஏதோ பஸ்ஸில் ஏறி, இருட்டுகிற நேரத்தில் திருவான்மியூர் டெப்போவில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தவளை ஒரு கண்டக்டர் கூட்டிவந்து விட்டார். அதற்குப் பிறகு பஸ் என்றாலே பாவாடையை நனைத்துவிடுகிறாள்.

"உன் ஸ்கூல்ல எடம் இல்லேன்னா அவ்ளோதான் சார். ஊட்ல வச்சுப் பூட்டிட்டு வேலைக்கிப் போவணும்," என்றாள் ஸ்வர்ணலதா. அவளுக்கு லீவு கிடைத்த ஒரு மத்தியானம், எங்கள் வீட்டு வாசற்படியில் நின்றபடியே பேசினாள். உட்காரச் சொன்னால் அவளுக்குக் கால் வலிக்குமாம், பழக்கம் விட்டுப்போச்சாம்.

"மேனேஜரம்மா படிக்கச் சொல்லுவாங்களே. அதுக்கு என்ன பண்றது?" என்றேன்.

"அதான் ஒரு ஐடியா கீது சார். எங்க மொதலாளிக்குப் போணின்னா உசுரு. காலைல மொத மொத வர்ற பார்ட்டிய வெறுங்கையோட அனுப்ப மாட்டாரு. நஷ்டம்னாலும் குடுத்துடுவாரு. ஒருவாட்டி ஒரு அம்மா இன்னா காட்டினாலும் வாணாம் வாணாம்னுக்கினே போச்சு. இவரே எந்திரிச்சி வந்து, ஒரு கர்ச்சீப்ப எடுத்து, குடுக்கறதக் குடும்மான்னு கைல குடுத்து அனுப்சாரு. போணி போயிடுச்சுன்னா அன்னிக்கிப் பூரா யாவாரம் ஆவாதுன்னு அவ்ளோ பயம்."

பியாட்ரிஸ் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "கர்ச்சீப்பா?"

"அட, பட்டுச்சேலையோ கர்ச்சீப்போ, கொள்கையைப் பாரு," என்றேன். எனக்குப் புல்லரித்துவிட்டது. அட்மிஷன் ஆரம்பிக்கிற அன்று அண்ணாச்சியே வந்து வாசலில் மேஜை போட்டு உட்காருவார். எலுமிச்சம்பழம் நசுக்கி, சூடம் காட்டி, கடை திறக்கிற மாதிரியேதான். மேஜையில் விண்ணப்பமும், பக்கத்தில் பை, பெல்ட், யூனிபார்ம் எல்லாம் இருக்கும். அவரைத் தாண்டித்தான் ஷண்முகப்ரியாவின் அறை. முதல் ஆளாகத் தமிழ்நிலா போய் நின்றால், போணியைப் பரீட்சைக்கு அனுப்ப அவருக்கு மனசு வருமா? ஒரு வியாபாரியை அவருடைய வியாபார தர்மத்தாலேயே மடக்கப்போகிறோம். எனக்கே என்மேல் மரியாதை வந்தது. அது அடிக்கடி வருவதில்லை.

அன்று விடிந்ததுமே கேட்டைத் திறக்க வைத்தேன். வாட்ச்மேன் ஹஸன் என்னை மேலும் கீழும் பார்த்தார். "இன்னா வாத்யாரே, சீக்கிரமா வந்துகீறே? ஊட்ல சண்டையா?" தமிழ்நிலாவை வரிசையில் முதலாவதாக நிறுத்தினேன். தலையில் எண்ணெய், ரெட்டைச் சடை, இஸ்திரி போட்ட பழைய கவுன். பின்னால் ஸ்வர்ணலதா, கடையின் யூனிபார்ம் சேலையிலேயே. அரை நாள் பர்மிஷன்தான் கிடைத்ததாம்.

அண்ணாச்சி வந்தார். சூடம் காட்டினார். வரிசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

"வாம்மா, வா. மொதப் பிள்ளை. நீ நம்ம கடைப் பிள்ளைல்லா?" என்று ஸ்வர்ணலதாவிடம் கேட்டார். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அண்ணாச்சி, இன்னைக்குப் போணி இந்தப் பிள்ளைதான். ராசியான முகம். பரீட்சை, கிரீட்சைன்னு வச்சு முதல் ஆளைத் தடுக்க வேணாமே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு பிள்ளையைப் பார்த்தார். மேஜையில் இருந்த விண்ணப்பத்தை எடுத்து அவள் பக்கம் திருப்பினார். "இந்தா தாயி, மேல என்ன போட்டிருக்கு, சொல்லு."

பள்ளியின் பெயர். கொட்டை எழுத்து. தமிழ்நிலா அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஜோக் என்று நினைத்துவிட்டாள் போல. சிரித்தாள்.

அண்ணாச்சியும் சிரித்தார். விண்ணப்பத்தை எடுத்து அடுக்கின் மேல் வைத்தார். என்னை அருகே கூப்பிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னார்.

"சார், வந்தவுகள வெறுங்கையோட அனுப்ப மாட்டேன். அது எங்க அப்பா சொல்லிக்குடுத்தது. ஆனா மில்லுலருந்து டேமேஜ் பீஸ் வந்தா உள்ள எடுக்கவும் மாட்டேன். அதையும் அவருதான் சொல்லிக்குடுத்தாரு."

மெதுவாகத்தான் சொன்னார். மேஜை சின்னது. ஸ்வர்ணலதாவுக்குக் கேட்டிருக்கும்.

பிறகு பக்கத்து அடுக்கில் கையை விட்டு, பள்ளி முத்திரை போட்ட ஒரு கர்ச்சீப்பை எடுத்தார். முக்கோணமாக மடித்தார். தன் சட்டையில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி, குனிந்து, தமிழ்நிலாவின் கவுனில் தன் கையாலேயே குத்திவிட்டார். ஊக்கு படாமலிருக்க நடுவில் விரலை வைத்துக்கொண்டார். நல்ல மனுஷர்.

"பத்து ரூவா குடும்மா. நம்ம ஸ்டாஃபுதானே, வெலையக் கொறச்சுக் குடுக்கலாம்னா போணி நேரம் பாத்துக்கிடு."

ஸ்வர்ணலதா பர்ஸைத் திறந்தாள். ஐந்நூறு ரூபாய்த் தாள் ஒன்று இருந்தது, அட்மிஷனுக்கு என்று வைத்திருந்தது. அண்ணாச்சி நாக்கைக் கடித்துக்கொண்டார். "மொத யாவாரத்துல பாக்கி சில்லறை குடுக்கப்படாதும்மா."

எல்லாரும் நின்றார்கள். பின்னால் வரிசை நெளிந்தது. யாரோ, "இன்னாபா அங்க, சீக்கிரம் உடுங்க," என்றார்கள். என் கை என் பாக்கெட்டுக்குள் போனது. அதைத் தடுத்து நிறுத்தியிருக்கலாம். தடுத்தால் சிவப்பு ஸ்டிக்கர்க்காரன் என்ன ஆவான் என்று அது யோசித்ததோ, சும்மா பழக்கதோஷமோ, தெரியவில்லை. பத்து ரூபாய் நாணயத்தை எடுத்து மேஜையில் வைத்தேன்.

அண்ணாச்சி அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பெட்டிக்குள் போட்டார். "சாருக்குக் கைராசி உண்டான்னு பாப்போம். அடுத்து வாங்க."

கைராசி இருந்தது. அன்றைக்கு வந்த கூட்டம் போல் எங்கள் பள்ளி பார்த்ததில்லை. மயிலாப்பூரிலிருந்து, அடையாறிலிருந்து, காரில்கூட ஒருவர் வந்தார். சாயங்காலம் ஷண்முகப்ரியா என் பெயருக்கு நேரே மஞ்சள் ஸ்டிக்கர் ஒட்டினாள்.

அதற்கு முன் மத்தியானமே, கடைக்குப் போகிற வழியில், ஸ்வர்ணலதா கேட்டுக்கு வெளியே காத்திருந்தாள். "நீ மனசுல வச்சிக்காத சார். மொதலாளி மேல தப்பு இல்ல. அவரு வயக்கம் அது." கொஞ்சம் தள்ளி நின்ற மகளைக் காட்டினாள். "அதுக்கு இன்னும் தெரியாது. ஸ்கூல்ல சேந்துட்டேன்னு கர்ச்சீப்பத் தொட்டுத் தொட்டுப் பாத்துகினு கீது. எனக்கு வாய் வரல. நீயே சொல்லிடு சார். நீ சொன்னா சிரிச்சிகினே கேட்டுக்கும்."

வீட்டில் பியாட்ரிஸிடம் சொன்னேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "யார் குடுத்தது அந்தப் பத்து ரூபாய?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்குத் தெரியும்.

மறுநாள் காலை பிரார்த்தனை மணி அடித்தது. வரிசையில் தமிழ்நிலா நின்றுகொண்டிருந்தாள். ஹஸன் கர்ச்சீப்பைப் பார்த்து உள்ளே விட்டிருக்கிறார். ராத்திரியே துவைத்து இஸ்திரி போட்டுக் குத்தியிருந்தாள். அதே ஊக்கு. மாடி ஜன்னலிலிருந்து ஷண்முகப்ரியா என்னைப் பார்த்து, அந்தப் பெண்ணைக் கண்ணால் காட்டினாள். சிரித்த முகம்.

நான் போனேன்.

"சார், நான் எந்த க்ளாஸ்?" என்றாள்.

சொல்ல வேண்டியதை வழியெல்லாம் அடுக்கி வைத்துக்கொண்டுதான் போனேன். அவள் முகத்தைப் பார்த்ததும் அடுக்கு சரிந்தது. என் வாய்க்கு எப்போதும் சுலபமாக வருவதுதான் வந்தது.

"உனக்கு இன்னைக்கு லீவு."

"எனக்கு மட்டுமா?"

"உனக்கு மட்டும்."

சிரித்தாள். முழுசாக. நடையா ஓட்டமா என்று தெரியாமல் கேட்டைத் தாண்டிப் போனாள்.

அடுத்த நாளும் வந்தாள். அன்றைக்கும் லீவு என்றேன். அதற்கடுத்த நாளும். அவளை வீட்டில் வைத்துப் பூட்ட ஸ்வர்ணலதாவுக்கு மனசு வரவில்லை. இங்கே வந்து திரும்பிப் போகிற நேரமாவது பிள்ளை தெருவைப் பார்க்கட்டும் என்றாள். அண்ணாச்சியிடம் போய்ப் பேசுகிறேன் என்று தினமும் வீட்டில் சொல்கிறேன். பியாட்ரிஸ் குழம்பை ஊற்றிவிட்டுப் போய்விடுகிறாள்.

இன்று காலை தமிழ்நிலா கேட்டாள். "சார், எனக்கு மட்டும் ஏன் சார் டெய்லி லீவு?"

வரிசையில் நின்ற ஆறாம் வகுப்பு முழுவதும் திரும்பி என்னைப் பார்த்தது.

"மொத மொத வந்தவங்களுக்குத்தான்மா இந்தச் சலுகை," என்றேன்.

அவள் கர்ச்சீப்பை நேராக்கிக்கொண்டு, வரிசையைப் பார்த்து ஒரு பெருமைச் சிரிப்புச் சிரித்துவிட்டுக் கேட்டை நோக்கிப் போனாள். முன்னால் நின்ற பையன் அவள் போவதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"குடுத்து வச்சவ சார்," என்றான்.