மதுரைச் சீட்டும் விருதுநகர்ச் சீட்டும்

காலையில் மாத்திரையை நீட்டினால் ஜெய்லானி வாயை இறுக்க மூடிக்கொள்வார்.

"நோன்பு வச்சிருக்கேன்ல, தெரியலயா?"

நோன்பு மாதத்துக்கு இன்னும் பல மாதம் கிடந்தது. சற்று முன்தான் நாலு இட்லி சாப்பிட்டிருந்தார். சட்னி இன்னும் தாடியில் ஒட்டியிருந்தது.

"இன்னைக்கு நோன்பு இல்லீங்க. இது பிரஷர் மாத்திரை, முழுங்குங்க" என்று ரோஷன் பேகம் கெஞ்சுவாள். பிறகு அதட்டுவாள். கடைசியில் வாங்கிக்கொள்வார். அவள் அடுப்படிக்குப் போனதும் ஜன்னல் வழியாகத் துப்பிவிடுவார். துப்புகிறார் என்பதே அவளுக்கு மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது. கூட்டும்போது வாசல் மண்ணில் வெள்ளைப் பொட்டுகளாய்க் கிடந்தன.

விருதுநகர் பஜாரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருந்த மனிதர். மூட்டையில் கைவிட்டு ஒரு பிடி எடுத்து முகர்ந்தால் எந்த ஊர் வத்தல் என்று சொல்லிவிடுவார். முதலில் ஒரு பக்கம் வாய் கோணியது. ஒரு மாதத்தில் சரியானது. மறு வருஷம் கால் இழுத்தது. அதுவும் ஓரளவு தேறியது. ஆனால் ஒவ்வொரு தடவையும் புத்தியில் ஒரு படி இறங்கிவிட்டார். கடை கொழுந்தன் கைக்குப் போனது.

மகள் மஹ்ரீனைச் சிவகாசியில் கொடுத்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குப் பட்டாசு லேபிள் அடிக்கும் அச்சகம். தீபாவளி சீசன் தொடங்கினால் அவள் வாசல் தாண்ட மாட்டாள், போனில் மட்டும் வருவாள்.

"மறதிக்கு மாத்திரை வந்திருக்காம்மா. மதுரையில பெரிய டாக்டர் இருக்காராம். அத்தாவக் கூட்டிட்டுப் போங்க."

போனார்கள். ஸ்கேன் எடுத்து, மூளையில் ரத்தக்குழாய் அங்கங்கே அடைத்திருக்கிறது என்றார் பெரிய டாக்டர். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு போடச்சொல்லி ஒரு மாத்திரை எழுதினார். கேட்குமா என்று ரோஷன் கேட்டதற்கு, "பார்ப்போம்மா" என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்.

அந்த மாத்திரையை அவர் தகராறில்லாமல் விழுங்கினார். இருட்டிவிட்டால் அவர் கணக்கில் நோன்பு திறந்தாயிற்று. ஒன்றரை மாதத்தில் வயிற்றுப்போக்கும், தூக்கத்தில் யாரையோ பார்த்து அலறுவதும்தான் மிச்சம். ஒருநாள் மட்டும் மகள் பேரைச் சொல்லி, "மஹ்ரீன் வரலயா?" என்று கேட்டார். மஹ்ரீன் போனில் அழுதேவிட்டாள். "பாத்தீங்களா, கேக்குதும்மா!"

ரோஷனுக்கும் ஆசை விடவில்லை. காலை மாத்திரை மண்ணுக்குப் போவதைப் பார்த்தவள் யோசித்து ஒரு வேலை செய்தாள். பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொன்னதும் ஒரு பேரீச்சம்பழத்தோடு பிரஷர் மாத்திரையையும் கொடுத்தாள். "நோன்பு தொறங்க." மறுபேச்சில்லாமல் விழுங்கினார். இதை ஏன் முன்பே செய்யவில்லை என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பத்து நாள் ஒரு மாத்திரைகூடத் தவறவில்லை.

பதினோராம் நாள் காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றி வெடித்து ரத்தம்.

அடுத்த வீட்டுத் தேவமணி ஆஸ்பத்திரி நர்ஸ். டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் ஓடிவந்து நாடியைப் பிடித்து, வாட்சைப் பார்த்தாள். மறுபடியும் பார்த்தாள்.

"அக்கா, துடிப்பு நாப்பதுதான் இருக்கு. என்னென்ன மாத்திரை குடுக்கீக? எல்லாத்தையும் எடுத்துட்டு வாங்க."

ஆட்டோவில் மடியில் அவர் தலையும் கையில் மாத்திரைப் பையுமாய் ரோஷன் போனாள். உள்ளூர் டாக்டர் பையைக் கவிழ்த்ததும் முகம் சுளித்தார்.

"நான் எழுதின பிரஷர் மாத்திரை நாடித்துடிப்பைக் குறைக்கும். மதுரையில எழுதினதும் குறைக்கும். ரெண்டையும் சேத்துக் குடுத்தா விழத்தான் செய்வாரு. எங்கிட்டச் சொல்ல வேண்டாமாம்மா?"

"சொன்னேன் சார். போன தடவ மதுரைச் சீட்டையே நீட்டினேன். சரி, குடுங்கன்னு சொன்னீக."

டாக்டர் மாத்திரைகளை ஒவ்வொன்றாகத் திரும்பப் பைக்குள் போட்டார்.

"அங்கன போனா உங்க சீட்டப் பாக்கல. இங்கன வந்தா அவுக சீட்டப் பாக்கல. அவரு துப்புனவரைக்கும் நல்லாயிருந்தாரு. நான் முழுங்க வச்சேன், விழுந்துட்டாரு. ரெண்டு பேரும் டாக்டரு. நான் என்னத்தக் கண்டேன்?" குரல் உயர்ந்து வராந்தாவில் இருந்தவர்கள் எட்டிப்பார்த்தார்கள். தேவமணி தோளைத் தொட்டாள். ரோஷன் கையைத் தட்டிவிட்டாள்.

டாக்டர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். இந்த முறை நிதானமாகப் பேசினார். அந்த மறதி மாத்திரை வேறு வகை மறதிக்கு வந்தது. ரத்தக்குழாய் அடைத்து வருகிற மறதியில் சிலருக்குக் கொஞ்சம் கேட்கும், பலருக்குத் தெரியவே தெரியாது. போனது போனதுதான். இன்னொரு அடைப்பு வராமல் தடுக்கப் பிரஷரையும் சர்க்கரையையும் பிடித்து வைப்பதுதான் வழி.

"அப்ப நெனப்பு திரும்ப மருந்தே இல்லையா சார்?"

"இல்லம்மா."

இதை இரண்டு வருஷத்தில் ஒருத்தர்கூட அவளிடம் நேராகச் சொன்னதில்லை.

மதுரை மாத்திரை நின்றது. பிரஷருக்கு வேறு மாற்றினார்கள். நாலு நாளில் நாடி சரியாகி வீடு திரும்பினார். வயிற்றுப்போக்கும் அலறலும் நின்றன. மற்றபடி அதே ஆள்தான்.

மஹ்ரீன் போனில் குதித்தாள். "எப்படிம்மா நிறுத்துவீங்க? அத்தா என் பேரச் சொன்னாங்கள்ல? சென்னையில இன்னொரு டாக்டர்..."

"நீ வா. வந்து ஒரு மாசம் கூட இரு. எந்த டாக்டருட்ட வேணுமானாலும் நீயே கூட்டிட்டுப் போ."

"சீசன்மா. லோடு ஏத்த ஆளில்ல. தீபாவளி முடியட்டும்..."

ரோஷன் போனை வைத்துவிட்டாள். உள்ளே ஜெய்லானி சட்டையைத் தலைகீழாக மாட்ட முயன்று, கை அகப்படாமல் அவளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"வாரேன், வாரேன். உசுர எடுக்காதீக" என்று கத்திக்கொண்டே போய், சட்டையைப் பிடுங்கித் திருப்பினாள்.