தரைத்தளத்து வீடு

தன் பழைய வீடு இருந்த இடத்தில் புதுக் கட்டடம் எவ்வளவு எழும்பியிருக்கிறது என்று பார்க்க அம்பத்தூருக்குப் போன ஜெயகுமாரி, தெருவிலேயே நின்றுவிட்டாள். அவளுக்கென்று பேசியிருந்த வீடு தரைத்தளத்தில் வரவேண்டும். அங்கே கடைக்குப் போடும் இரும்பு ஷட்டரை ஆட்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள்.

மனை அவள் அப்பா கொடுத்தது. அதை அவள் கொடுப்பது, கட்டடக்காரர் ரகுநாதன் தன் செலவில் மூன்று மாடி கட்டுவது, மாடி வீடுகளை அவர் விற்றுக்கொண்டு தரைத்தள வீட்டை அவளுக்குத் தருவது என்று ஒப்பந்தம் பதிவாகியிருந்தது. அவள் கணவர் ரூபஸ், பக்கத்து ஊரான பாடியில் ஒரு தொழிற்சாலையில் லேத் மெஷின் ஓட்டியவர். பக்கவாதத்தில் வலது கையும் காலும் பேச்சும் போய்விட்டன. சக்கர நாற்காலி போய்வர வாசலில் படி வைக்கக்கூடாது, சரிவாகத்தான் கட்டவேண்டும் என்பதையும் அவள் கேட்டு எழுதி வாங்கியிருந்தாள். வீடு தயாராகும்வரை இருவரும் திருநின்றவூரில் ஏரிப் பக்கம் வாடகைக்கு இருந்தார்கள்.

"இன்னா ரகு, கீழ கடை வருது?"

"அக்கா, கீழ ஒரே தூசுக்கா. வண்டி சத்தம் வேற. உனக்கு மூணாவது மாடில ஜம்முனு ஒரு ஊடு எடுத்து வச்சிகீறேன்."

"அவர மேல எப்படி ஏத்துறது?"

"லிஃப்ட் வந்துரும்க்கா."

லிஃப்டுக்காக விட்டிருந்த குழியில் சிமெண்ட் மூட்டைகள் அடுக்கியிருந்தன.

வீட்டுக்கு வந்து ரூபஸிடம் சொன்னாள். அவருக்கு எல்லாம் புரியும். இடது கையால் நெஞ்சைத் தட்டிக்காட்டி, பிறகு அந்தக் கையை இப்படியும் அப்படியும் ஆட்டினார். எனக்காக அலையாதே என்கிறாரா, விட்டுக்கொடுக்காதே என்கிறாரா, அவளால் பிரித்தறிய முடியவில்லை. யாரையும் கேட்கவும் வழியில்லை. தன்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் மனையைக் கட்டடக்காரருக்குக் கொடுத்துவிட்டாள் என்று ஆவடியிலிருந்த அவள் அண்ணன் பேச்சையே நிறுத்தியிருந்தார். பிள்ளைகள் இல்லை.

குமணன்சாவடியில் பேக்கரிக்கு மேலே வக்கீல் யுவராணியின் அலுவலகம். அவளுக்கு முப்பது வயதுக்கு மேல் இருக்காது. ஒப்பந்தத்தை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம்வரை நிதானமாகப் படித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"கீழ் வீடு வேணாம்னு எப்பவாவது வாயால சொன்னீங்களாம்மா?"

"இல்ல."

"இதுக்கப்புறம் வேற எதுலயாவது கையெழுத்து?"

"எதுலயும் போடல."

"அப்ப அவர் இஷ்டத்துக்கு மாத்த முடியாது. முதல்ல நோட்டீஸ் அனுப்புவோம். அதுக்கு வழிக்கு வரலன்னா கேஸ். ஐயா எப்படி இருக்காரு?"

கடைசிக் கேள்வியை ஜெயகுமாரி எதிர்பார்க்கவில்லை. "அப்படியேதான்மா இருக்காரு" என்றாள்.

நோட்டீசுக்குப் பதில் வந்தது. மூன்றாவது மாடிக்கு அந்த அம்மா வாய்மொழியாகச் சம்மதித்துவிட்டார் என்று அதில் கண்டிருந்தது. படித்ததும் அவள் குமணன்சாவடிக்கு ஓடினாள். யுவராணி அசரவில்லை. பூந்தமல்லி கோர்ட்டில், ஒப்பந்தப்படி வீட்டைத் தரவேண்டும் என்று வழக்குப் போட்டாள். அதுவரை தரைத்தளத்தை யாருக்கும் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது என்று இடைக்காலத் தடையும் வாங்கினாள்.

பிறகு வாய்தாவுக்கு மேல் வாய்தா. பக்கத்து வீட்டுப் பொன்னியம்மாவைக் கணவருக்குத் துணையாக இருக்கச் சொல்லிவிட்டு ஜெயகுமாரி பூந்தமல்லிக்குப் போவாள். பெரும்பாலும் வழக்கு தள்ளித்தான் போகும். ஆனால் கோர்ட் வராந்தாவில் கறுப்பு அங்கியோடு அரக்கப்பரக்க வரும் யுவராணி, ஒருமுறைகூடத் தவறாமல், "ஐயா எப்படி இருக்காரு? சாப்பிடறாரா?" என்று கேட்டுவிட்டுத்தான் வழக்குக் கட்டைப் பிரிப்பாள்.

மழைக்காலத்தில் ரூபஸுக்குக் காய்ச்சல் கண்டது. நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்த மறுநாளே போய்விட்டார். அம்பத்தூர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்தார்கள். அண்ணன் வந்தார், மண் போட்டார், இவள் முகத்தைப் பார்க்காமலே போனார். வந்தவர்கள் எல்லாரும் இருட்டுவதற்குள் ரயிலைப் பிடிக்கவேண்டும் என்று கிளம்பிவிட்டார்கள். பொன்னியம்மா மட்டும் கொஞ்ச நேரம் கூட இருந்தாள்.

அவர் போனதை யுவராணியிடம் சொல்லிவிடலாம் என்றுதான் அடுத்த வாய்தாவுக்கு ஜெயகுமாரி போனாள்.

"ஐயா எப்படி இருக்காரு?" என்றாள் யுவராணி.

"அப்படியேதான்மா இருக்காரு."

வாய் முந்திக்கொண்டது. அதற்கடுத்த முறை, "நேத்து கஞ்சி ரெண்டு கிண்ணம் குடிச்சாரு" என்றே சொல்லிவிட்டாள். "பரவாயில்லையே" என்று யுவராணி சிரித்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அவர் கஞ்சி குடித்ததை ஜெயகுமாரி நினைத்துக்கொண்டே வந்தாள். பொய் சொன்னது பாவமாகத் தோன்றவில்லை. வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

வழக்கைச் சமரசப் பேச்சுக்கு அனுப்பினார் நீதிபதி. சின்ன அறை. சமரசம் பேச ஒரு மூத்த வக்கீல் நடுவில் உட்கார்ந்திருந்தார். எதிரே ரகுநாதனும் அவர் வக்கீலும். இந்தப் பக்கம் இவர்கள் இருவரும்.

"கீழ் வீடு அந்த அம்மாவோட கணவருக்காகத்தான். அவரால மாடி ஏற முடியாது சார்" என்று யுவராணி ஆரம்பித்தாள்.

ரகுநாதன் குறுக்கே பேசினார். "அண்ணன்தான் மழையிலயே தவறிட்டாரே சார். எங்க மேஸ்திரி அடக்கத்துக்கே போய்ட்டு வந்தாரு. இப்ப யாருக்கு கீழ் ஊடு?"

யுவராணி திரும்பிப் பார்த்தாள். ஜெயகுமாரி மேசை விளிம்பைப் பார்த்தபடி இருந்தாள். ஐந்து நிமிடம் வேண்டும் என்று கேட்டு யுவராணி அவளை வெளியே அழைத்து வந்தாள்.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?"

"நீ ஒருத்திதாம்மா அவர விசாரிச்சிகினு இருந்த. சொல்லிட்டா அப்புறம் கேக்க மாட்டியே."

யுவராணி கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் தேடினாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னாள்: "ஒப்பந்தத்துல ஐயா பேரே இல்லம்மா. தரைத்தளம், படியில்லாத வாசல், ஜெயகுமாரிக்கு. அவ்வளவுதான் எழுதியிருக்கு. ஐயா இல்லன்னு சொல்லி அவங்க நழுவ முடியாது. அதை நான் பாத்துக்கறேன். ஆனா நீங்க ஒண்ணு சொல்லணும். மேல் வீடுன்னா சாவியை இன்னைக்கே குடுப்பாங்க. கீழன்னா ஷட்டரைப் பேத்துட்டு சுவர் கட்டணும், நாளாகும். உங்களுக்கு எது வேணும்? ஐயாவுக்கு இல்ல, உங்களுக்கு."

இப்படி ஒரு கேள்வியை யாரும் அவளைக் கேட்டதில்லை. வராந்தாவில் ஆட்கள் இடித்துக்கொண்டு போனார்கள். அவள் நகராமல் யோசித்தாள்.

"கீழயே இருக்கட்டும்மா. மேல போய்ப் பூட்டிகினு கெடந்தா, நான் செத்தாக்கூட ஒருத்தருக்கும் தெரியாது. கீழன்னா ரோட்ல போறவங்க முகமாவது தெரியும்."

உள்ளே போய் அதைத்தான் யுவராணி ஒரே வரியில் சொன்னாள்: என் கட்சிக்காரருக்குத் தரைத்தளம்தான் வேண்டும். ஒப்பந்தத்தில் கணவரைப் பற்றி ஒரு சொல் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்று கேட்டாள். எதிர்த்தரப்பு வக்கீல் பக்கங்களைப் புரட்டிவிட்டு ரகுநாதனின் காதில் ஏதோ சொன்னார். வழக்கு இருக்கும்வரை மாடி வீடுகளையும் வாங்க ஆள் வராது என்று ரகுநாதனுக்கும் தெரியும். "சரிக்கா, நீயே ஜெயிச்சிக்க" என்று பேனாவை எடுத்தார்.

சமரசப்படி ஷட்டர் போய்ச் சுவர் வந்தது. வாசலில் சரிவும் வந்தது. சாவி கைக்கு வந்த அன்று, அலுவலகத்திலிருந்து குமணன்சாவடி பஸ் நிறுத்தம்வரை யுவராணி கூட வந்தாள்.

"ஐயா எப்படிப் போனாரும்மா?" என்று கேட்டாள்.

அதுவரை யாரிடமும் சொல்லாததை ஜெயகுமாரி நின்றபடியே சொன்னாள். காய்ச்சல் கண்டதிலிருந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவர் இடது கை இவள் முந்தானையைப் பிடித்திருந்தது வரை. அம்பத்தூர் பஸ் ஒன்று வந்து போனது. பின்னாலேயே இன்னொன்றும் போனது. யுவராணி அவசரப்படுத்தவில்லை.

"இனிமே நீங்க இங்க அலைய வேணாம்மா" என்று அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். ஜெயகுமாரி பஸ் வளைவு திரும்பும்வரை ஜன்னல் வழியே அவளையே பார்த்துக்கொண்டு போனாள்.

புது வீட்டில் அவள் காலையிலேயே கதவைத் திறந்துவைத்துவிட்டு வாசலுக்கு நேரே உட்கார்ந்து காய் நறுக்குவாள். மாடி வீட்டுக்காரர்கள் காதில் போனை வைத்தபடி பக்கவாட்டுப் படியில் ஏறி இறங்கினார்கள். முகங்கள் தெரிந்தன. அவை இந்தப் பக்கம் திரும்பவில்லை. பொழுது நகரவே மாட்டேன் என்றது.

ஒருநாள் இரண்டாவது மாடிப் பெண் வாசலில் நின்று, "ஆன்ட்டி, தண்ணி லாரி வந்துச்சா?" என்று கேட்டாள்.

"இப்பதாம்மா போச்சு. உன் பேரு இன்னா?"

அதற்குள் அவள் லாரியைத் தேடித் தெருமுனைக்கு ஓடிவிட்டிருந்தாள்.

மறுபடி லாரி வந்தபோது ஜெயகுமாரி தன் குடத்தை வரிசையில் வைத்துவிட்டு, அந்தப் பெண்ணிடம் சொல்ல முழங்காலைப் பிடித்தபடி இரண்டு மாடி ஏறினாள். கதவைத் தட்டினாள். உள்ளே டிவி ஓடுவது கேட்டது. யாரும் வரவில்லை. மூச்சு வாங்க நின்று, கொஞ்சம் பலமாகத் தட்டினாள்.