ஏழாம் நம்பர் தட்டு

ஏழாம் நம்பர் தட்டைக் குப்பையில் போடச் சொன்னார் எங்கள் ஆய்வுக்கூடத் தலைவர். நாங்கள் அவருக்கு வைத்திருக்கும் பெயர் 'அவசரம்'.

விஷயம் இதுதான். செல்லுக்குள் ஆர்.என்.ஏ. மேல் ஒரு நொதி சின்னச் சின்ன வேதிப் புள்ளிகள் வைக்கிறது. அந்தப் புள்ளிகள் இல்லாவிட்டால் ரத்தப் புற்றுநோய் செல் பிழைக்காது என்பது அவசரத்தின் கட்சி. நொதிக்கான மரபணுவைக் கிரிஸ்பர் என்ற மரபணுக் கத்தரியால் வெட்டியது நான். அந்தச் செல்களை வளர்த்த பன்னிரண்டு தட்டுகளில் பதினொன்று செத்தன. ஏழு மட்டும் ஒன்றும் நடக்காததுபோல் பெருகிக்கொண்டிருந்தது.

"வெட்டு விழுந்திருக்காதும்மா. தூக்கிப் போடு. வெள்ளிக்கிழமை கட்டுரை போகணும்."

"விழுந்திருக்கு சார். மரபணுவ மூணு தடவை படிச்சுப் பாத்துட்டேன்."

"பதினொண்ணு போதாதா?"

"போதாது."

என் ஒப்பந்தம் முடிய இரண்டு மாதம்தான் இருந்தது. நீட்டிக்கும் கையெழுத்து அவருடையது. அதையும் சிரித்துக்கொண்டே நினைவுபடுத்தினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள்; இவர் உயிரோடிருக்கும் செல்லை மறைக்கச் சொல்கிறார்.

"அப்ப கட்டுரையிலேருந்து என் பேரையும் எடுத்துடுங்க சார்."

எங்கள் கூடத்தில் குறிப்பேட்டை மையால்தான் எழுத வேண்டும். எழுதியதை அடிக்கக் கூடாது, பக்கத்தைக் கிழிக்கக் கூடாது. அன்றைக்கு எழுதினேன்: 'ஏழாம் நம்பரைக் குப்பையில் போடும்படி தலைவர் சொன்னார். போடவில்லை.'

வீட்டில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "என்னடி வீம்பு இது? வேலை போச்சுன்னா அந்த செல்லா வந்து சோறு போடும்?"

பயமாகத்தான் இருந்தது. மறுநாள் முதல் ஆளாகப் போய் ஏழுக்கு ஊட்டத் திரவம் மாற்றினேன்.

வெள்ளிக்கிழமை கட்டுரை போயிற்று, ஏழும் இல்லாமல், நானும் இல்லாமல். மூன்று வாரம் நோண்டியதில் குட்டு வெளிப்பட்டது. ஏழு, வெட்டுப்பட்ட இடத்தைத் தாண்டிக் குட்டையான ஒரு நொதியைச் செய்துகொண்டு, புள்ளிகளை வழக்கம்போல் வைத்துக்கொண்டிருந்தது. நான் தடுக்கில் பாய்ந்தால் அது கோலத்தில் பாய்ந்திருக்கிறது. நாளைக்கு மருந்து கொடுத்தாலும் நோய் இதே வேலையைக் காட்டலாம்.

ஒப்பந்தத்தில் ஒன்பது நாள் மிச்சமிருக்கையில் அவசரம் என் மேசைக்கு வந்தார். கட்டுரை போன ஆய்விதழிலிருந்து கேட்டிருந்தார்கள்: பிழைத்த செல் ஒன்றுகூட இல்லையா? குறிப்பேட்டுப் பக்கங்களோடு பதில் வேண்டுமாம்.

"ஏழு இன்னும் இருக்கா?"

"இருக்கு சார். ஏன் சாகலைன்னும் தெரியும்."

குறிப்பேட்டைக் கொடுத்தேன். அந்த வரி வந்ததும் அவர் விரல் நின்றது. சட்டைப் பையிலிருந்து நீட்டிப்புக் கடிதத்தை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"கையெழுத்துப் போட்டுத் தர்றேன். இந்த ஒரு வரிய மட்டும்…"

"மையில எழுதினது சார்" என்றேன். கடிதத்தை அவர் பக்கமே தள்ளிவிட்டு, ஏழுக்குத் திரவம் மாற்றப் போனேன்.