எல்லாரும் ஒரே ஆளாக வந்த காலை

1

இந்தக் கதைக்கு மூலம் என் அக்கா செய்த ஒரு தப்பு. அதைப் பெருமையாகவே சொல்லப் போகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: "சர்வர் அறையின் குளிரில் அவள் தன்னந்தனியாக…" (வேண்டாம். அக்கா ஜன்னலோர மேசையில் கால்மேல் கால் போட்டுக்கொண்டுதான் வேலை பார்ப்பாள்.)

2

அக்கா ஒரு மருத்துவமனையின் சர்வர் பொறுப்பாளர். பழைய சர்வர் திணறிக்கொண்டிருந்தது. டாக்டரைப் பார்க்க நேரம் பதிகிறவர்களை மட்டும் அது புது சர்வருக்குத் திருப்பிவிட வேண்டும்*. மற்றதெல்லாம் பழையதிலேயே இருக்கும். நாலே வரி வேலை. ஒழுங்காக நடந்தால் குழுத் தலைவி பதவி அவளுக்கு.

(* இதற்கு ப்ராக்ஸி என்று பெயர். வகுப்புக்கு வராதவனுக்காக நாம் 'உள்ளேன் ஐயா' சொன்னோமே, அதேதான்.)

காலை பத்து மணிக்குத் திறந்துவிட்டாள். பத்து நிமிடம் ஜோராக ஓடியது. பிறகு நேரம் பதியும் பக்கம் ஒருவருக்கும் திறக்கவில்லை.

புது சர்வரைப் பார்த்துக்கொள்பவர் வெளி நிறுவனத்து ஆள். [இவரை வில்லனாக்கி ஒரு பக்கம் எழுதினேன். கிழித்துவிட்டேன். பாவம், நல்ல மனுஷர்.] அவர் போன் செய்தார்.

"மேடம், யாரோ ஒரே ஆளு ஆயிரம் தடவ உள்ள வரப் பாக்குறான். எங்க செக்யூரிட்டி பிளாக் பண்ணிடுச்சு."

"எந்த முகவரியிலேர்ந்து?"

அவர் படித்துக் காட்டினார். அக்கா நாக்கைக் கடித்துக்கொண்டாள். அது அவளுடைய பழைய சர்வரின் இணைய முகவரி. வருகிறவரின் சொந்த முகவரியையும் சேர்த்து அனுப்பச் சொல்லும் வரியை எழுத மறந்திருக்கிறாள். நோயாளிகள் அத்தனை பேரும் அங்கே ஒரே ஆளாகப் போய் நின்றிருக்கிறார்கள்.

3

அந்த வரியைச் சேர்த்தாள். அவரும் அதைப் பார்த்து ஆளைப் பிரித்தறியும்படி புது சர்வரை மாற்றியமைத்தார். இருபது நிமிடத்தில் எல்லாம் சரியானது. மேலாளர் அறிக்கை கேட்டார்.

"எங்க செக்யூரிட்டிதான் காரணம்னு எழுதிடுங்க மேடம். நான் வெளி ஆளு, எனக்கு ஒண்ணும் ஆகாது."

"அது அதோட வேலையத்தான சார் செஞ்சுது?"

அறிக்கையின் முதல் வரி: 'தவறு என்னுடையது.' அடுத்து, விட்டுப்போன வரி எது என்ற விவரம்.

மாலையில் என்னிடம் சொன்னாள். "டேய், கதை எழுதுறேன்னு என்னைப் பெரிய ஆளாக்கிடாத. மறந்தேன், திருத்தினேன், அவ்வளவுதான்."

4

முடிவு ஒன்று: பதவி கிடைக்கிறது, எல்லாரும் எழுந்து நின்று கை… (சினிமா.)

முடிவு இரண்டு: பதவி வேறொருவருக்குப் போகிறது, அக்கா முகத்தை மூடிக்கொண்டு… (எங்கள் வீட்டில் அழுமூஞ்சி நான்தான், அவள் இல்லை.)

பதவி பற்றிய கடிதம் இன்னும் வரவில்லை. அதில் என்ன இருக்கும் என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். அறிக்கையின் முதல் வரியில் மட்டும் கை வைக்காதீர்கள். அது என் அக்கா எழுதியது.