உர்பேன் வாயில் கிடந்த சொல்

உர்பேனின் வாயில் இருந்த பனிக்கட்டி இருபத்தாறு வருடம் கரையவில்லை. வாதுமைப் பருப்பு அளவுதான், நாக்கின் அடியில் கிடந்தது. ஆகஸ்ட் வெயிலிலும் அவன் மூச்சு வெள்ளையாக வெளிவரும். அவனால் பேச முடியாது.

பிரான்சின் லுவார் ஆறு உறையும் குளிர்காலங்களில் எங்கள் படகுக்காரர்கள் ஒருவனைக் கரையில் காவலுக்கு வைப்பார்கள். உறைந்த ஆறு எங்களுக்குக் கட்டை போட்டு அடைத்த கதவு. காலையில் வீட்டுக் கதவின் குறுக்குக் கட்டையை எடுப்பதற்கு எந்தச் சொல்லைச் சொல்கிறோமோ, பனி உடையும்போது காவல்காரன் அதையே கத்த வேண்டும்: தெபாக்கிள். அதைக் கேட்டதும் படகில் இருப்பவர்கள் கரைக்குத் தாவுவார்கள், கரையில் இருப்பவர்கள் கயிற்றை இழுப்பார்கள். உர்பேன் காவலிருந்த முதல் வருடம், யாரோ ஒயின் பீப்பாய்களைச் சரிவில் உருட்டிய சத்தத்துக்குக் கத்திவிட்டான். பாதிரியார் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்தார். ஆறு அசையாமல் கிடந்தது. ஊர் ஒரு வருடம் சிரித்தது. "உர்பேன், எங்க கழுதை தும்முது, படகை இழுக்கட்டுமா?" என்று கேட்காத ஆள் இல்லை. அவன் அண்ணன் மத்துரேனும் சிரித்தான். "விடுங்கப்பா, எந்தம்பி காதுக்குள்ளயே ஒரு ஆறு ஓடுது."

அடுத்த ஜனவரியில், நல்ல வெளிச்சத்தில், எதிர்க்கரையிலிருந்து ஒரு விரிசல் ஓடிவருவதை உர்பேன் பார்த்தான். மத்துரேன் படகில் மண்டியிட்டு, கோடரியால் படகைச் சுற்றியிருந்த பனியைக் கொத்திக்கொண்டிருந்தான். இன்னொரு தடவை சத்தம் வரட்டும் என்று உர்பேன் நினைத்தான். அவ்வளவுதான் நினைத்தான். சத்தம் வந்தபோது படகோடு அண்ணனும் போய்விட்டிருந்தான். அவன் வாயைத் திறந்தான். சொல் அதற்குள் உறைந்துவிட்டிருந்தது.

காவல்காரனே பார்க்க முடியாத வேகத்தில் பனி உடைந்தது என்றும், துக்கத்தில் அவனுக்குக் குரல் போய்விட்டது என்றும் ஊர் முடிவுசெய்தது. அவன் வாசலில் ரொட்டி வைத்தார்கள். யாரும் அவனைக் கேலி செய்யவில்லை. அதைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. மத்துரேனின் மனைவி பெரின் ஞாயிறுதோறும் அவனைச் சாப்பிடக் கூப்பிட்டாள். கோடையில், "கொழுந்தனாரே, கொஞ்சம் இந்தப் பக்கம் ஊதுங்க, வெண்ணெய் இளகுது" என்பாள். ஊதுவான். அந்த வருடம் ஒயின் வாங்க வந்த இங்கிலாந்துக்காரர் ஒருவர் நடந்ததைக் கேட்டு, அந்தச் சொல்லை நோட்டில் எழுதிக்கொண்டு போனார். அவர் ஊரில் இப்போது படை தோற்று ஓடினாலும், நாடகம் படுத்துவிட்டாலும் அதைத்தான் சொல்கிறார்களாம். எங்களுக்கு அது இன்னும் கதவுக் கட்டையை எடுப்பதுதான்.

இருபத்தாறாம் வருடம் ஆகஸ்டில், படகுக்காரர்களின் புனிதர் சிலையை ஊர்வலத்தில் உர்பேன்தான் சுமக்க வேண்டும் என்று தீர்மானித்தார்கள். "அண்ணனுக்காகக் குரலையே குடுத்த மனுஷன்" என்றார் பாதிரியார். உர்பேன் சிலையைத் தோளிலிருந்து இறக்கிப் புல்லில் வைத்தான். கரை வரை நடந்துபோய், தெபாக்கிள் என்று கத்தினான்.

யாரும் சிரிக்கவில்லை. ஊர்வலத்தில் வந்தவர்கள் மெழுகுவர்த்திகளை அணைத்துவிட்டுப் படகுகளைக் கரையேற்றினார்கள். கயிற்றின் ஒரு முனையைப் பெரினும் பிடித்தாள். பிறகு பனி வந்தது. கோடையில் வற்றி மணல்திட்டு தெரிந்த ஆற்றில், வீடு அளவுக்குப் பெரிய பனிப் பாளங்கள் பிற்பகல் முழுக்க முட்டிக்கொண்டு போயின. மத்துரேனின் படகு அவற்றுக்கிடையே வரவில்லை. உர்பேன் ஒவ்வொரு பாளமாகப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே விரிசலப் பாத்தீங்களா?" என்று பெரின் கேட்டாள்.

"பாத்தேன், அண்ணி."

"சிரிப்பாங்கன்னுதான் கத்தலையா?"

"ஆமா."

கடைசிப் பாளம் போகும்வரை அவள் கயிற்றை விடவில்லை. மீன்காரர்கள் கரையில் ஒதுங்கிய பனியை உடைத்துக் கூடைகளில் போட்டுக்கொண்டார்கள். வெயில் தாழ்ந்ததும் படகுகளை மறுபடி தண்ணீரில் இறக்கினார்கள்.

அந்த ஞாயிறு பெரின் அவனைச் சாப்பிடக் கூப்பிடவில்லை. அடுத்த ஞாயிறு கூப்பிட்டாள். இத்தனை வருடம் அவன் உட்கார்ந்த மத்துரேனின் நாற்காலியைச் சுவரோரம் தள்ளிவிட்டு, கதவுப் பக்கம் இருந்த முக்காலியைக் காட்டினாள். உர்பேன் அதில் உட்கார்ந்தான்.